பாப் பாஃபர்ட் பேச்சு: லாயத்தில் நடப்பதற்கு யார் பொறுப்பு?

செம்பவாங் ராமையா

எல்லாருக்கும் வணக்கம். ஹாங்காங், மெல்பர்ன் ரேஸ் இழைகளில் பாப் பாஃபர்ட் பெயர் வந்தாலே பேச்சு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதனால் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் மூத்த டிரெய்னர்களில் ஒருவர். வெள்ளை முடி, கறுப்புக் கண்ணாடி. அங்கே மிகப் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை ஆறு தடவை ஜெயித்தவர். 1978க்குப் பிறகு 37 வருஷம் யாருக்கும் கைக்கு எட்டாத டிரிப்பிள் கிரவுனை (ஒரே வருஷம் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே குதிரை ஜெயிப்பது) 2015இல் அமெரிக்கன் ஃபேரோ என்ற குதிரையைக் கொண்டு எடுத்தார். 2018இல் ஜஸ்டிஃபை மூலம் இன்னொன்று. குதிரையைப் பார்த்து அது எவ்வளவு தூரம் போகும் என்று கணிப்பதில் அவருக்கு நிகர் குறைவு. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

2021 மே 1ஆம் தேதி அவருடைய மெடினா ஸ்பிரிட் டெர்பியில் முதலாவதாக வந்தது. ஒரு வயதுக் குட்டியாக வெறும் 1,000 டாலருக்குப் போன குதிரை. பந்தயத்துக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அதன்பின் நடந்த வழக்கு, தடை எல்லாம் பத்திரிகையில் வந்தவை. 2022 பிப்ரவரியில் வெற்றி பறிக்கப்பட்டு இரண்டாவதாக வந்த மண்டலூனுக்குப் போனது. பாஃபர்ட்டுக்கு 90 நாள் தடை, 7,500 டாலர் அபராதம். டெர்பி நடக்கும் திடலான சர்ச்சில் டவுன்ஸ் தன் பங்குக்குத் தனியாகத் தடை போட்டது.

எனக்குள் தைத்தது அவர் டிவியில் பேசிய பேச்சு. முதல் நாள், அந்த மருந்தைக் குதிரைக்குக் கொடுக்கவே இல்லை என்றார். ஓரிரு நாளில், தோல் நோய்க்குப் பூசிய ஆட்டோமேக்ஸ் களிம்பில் அது இருக்கிறது என்று தெரியவந்ததாகச் சொன்னார். நடுவில் ஒரு பேட்டியில், தன் வேறொரு குதிரைக்கு மருந்துச் சோதனையில் வந்த பழைய பாசிட்டிவ் பற்றிப் பேசும்போது, இருமல் மருந்து குடித்த ஒரு லாயத் தொழிலாளி வைக்கோலில் சிறுநீர் கழித்தார், அதைக் குதிரை தின்றது என்றார். அதற்கு முந்தைய வருஷம் ஆர்கன்சாவில் அவருடைய இரண்டு குதிரைகளிடம் லிடோகேன் என்ற மரத்துப்போகும் மருந்து வந்தபோது சொன்ன காரணம், உதவியாளர் முதுகில் ஒட்டியிருந்த சலோன்பாஸ் வலிப் பட்டை.

சிங்கப்பூரில் புக்கிட் திமா திடலிலும் பிறகு கிராஞ்சி திடலிலும் சைஸ் வேலை, அதாவது குதிரையைப் பராமரிக்கும் வேலை, பார்த்தவன் நான். என் கேள்வி ஒன்றுதான். ஜெயித்தால் கோப்பை டிரெய்னர் கையில், தோற்றால் மூத்திரம் சைஸுடையதா?

ஜூரோங் செந்தில்

அண்ணே, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இதுல ஒரு பக்கத்தை மட்டும் பேசறீங்க.

ஒண்ணு, அளவு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துல 21 பிக்கோகிராம். பிக்கோகிராம்னா ஒரு கிராமை லட்சம் கோடியா வகுத்தா வர்ற ஒரு பங்கு. அதனால குதிரை வேகமா ஓடிருச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியல.

ரெண்டு, சலோன்பாஸ் கதைன்னு சொல்லிட்டீங்க. ஆர்கன்சா ரேஸ் கமிஷனே 2021 ஏப்ரல்ல அந்த ரெண்டு வெற்றியையும் திருப்பிக் குடுத்துச்சு. சஸ்பென்ஷனை எடுத்துட்டு அபராதத்தோட விட்டாங்க. ஒரு துளி மருந்து கூடத் தப்பிக்க முடியாத அளவுக்கு இன்னைக்கு லேப் மெஷின் கூர்மையா இருக்கு. மனுஷன் கை பட்டா குதிரைக்குப் போகும். அது பொய்யில்லையே.

மூணு, ஜெயிக்கிறவனைத்தான் எல்லாரும் நோண்டுவாங்க. வருஷத்துக்கு ரெண்டு ரேஸ் ஜெயிக்கிற டிரெய்னருக்குப் பாசிட்டிவ் வந்தா நாலு வரி நியூஸ், அவ்வளவுதான். கிராஞ்சியிலயும் இதைப் பார்த்திருக்கோம். டாப் லாயத்துக் குதிரை ஃபேவரிட்டா நின்னு தோத்தா, கூட்டத்துல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா?

ரேகா பீஷான்

கால்நடை மருத்துவமனையில் வேலை. குதிரைப் பிரிவில் சில காலம் இருந்திருக்கிறேன். அளவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

பீட்டாமெத்தசோன் தடைசெய்யப்பட்ட விஷம் கிடையாது. மூட்டு வீக்கத்துக்கு ஊசியாகப் போடும் சாதாரண ஸ்டீராய்டு. கென்டக்கியில் பந்தயத்துக்கு 14 நாள் முன்பே நிறுத்த வேண்டும், பந்தய நாள் ரத்தத்தில் துளியும் இருக்கக் கூடாது என்பது அப்போதைய விதி. ஏன் அவ்வளவு கண்டிப்பு? வீக்கமும் வலியும் குறைந்தால் குதிரை நன்றாக நடக்கும். ஆனால் எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அது அப்படியே இருக்கும். வலி தெரியாத குதிரை முழு வேகத்தில் காலை ஊன்றும். சுமார் 500 கிலோ உடம்பு. காலின் கீழ்ப்பகுதியில் தசையே கிடையாது, எலும்பும் தசைநாரும் மட்டும். உடைந்தால் பெரும்பாலும் அதே இடத்தில் கதை முடிகிறது, மேலே இருக்கும் ஜாக்கிக்கும் ஆபத்து.

ஆகவே அந்த விதி "வேகமாக ஓடியதா" என்று கேட்பதில்லை. "ஓடத் தகுந்த நிலையில் இருந்ததா என்று பார்க்க முடிந்ததா" என்று கேட்கிறது. 21 பிக்கோகிராம் சிறியது என்ற வாதம் இதனால் என்னிடம் எடுபடுவதில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பாஃபர்ட் தரப்பு பிறகு சிறுநீரைத் தனியாகச் சோதித்து, அது களிம்பில் வரும் வகை, ஊசியில் வரும் வகை இல்லை என்று காட்டியது. களிம்பு கதை பொய் என்று சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. எந்த வழியில் போனாலும் விதி ஒன்றுதான் என்று ஸ்டூவர்டுகள் (பந்தய நடுவர்கள்) சொல்லிவிட்டார்கள்.

ஜூரோங் செந்தில்

ரேகா, களிம்பைப் பூசச் சொன்னது வைத்தியர். அப்ப வைத்தியரை ஏன் யாரும் கேட்கல?

செம்பவாங் ராமையா

தம்பி செந்தில், நல்ல கேள்வி. அதற்குத்தான் லாயம் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

விடியற்காலை நாலு மணிக்குக் குதிரைப் பெட்டிக்குள் போனதும் முதல் வேலை தீனித் தொட்டியைப் பார்ப்பது. மீதம் வைத்திருந்தால் ஏதோ சரியில்லை. பிறகு குனிந்து, முன்னங்காலின் பின்பக்கத் தசைநாரை முழங்காலிலிருந்து கீழே குளம்பு வரை விரல் பின்புறத்தால் தடவிக்கொண்டே வர வேண்டும். உள்ளங்கையை விட விரல் முதுகுக்குச் சூடு சீக்கிரம் தெரியும். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் லேசான வெதுவெதுப்பு, அல்லது அமுக்கினால் காலை இழுத்துக்கொள்கிறது என்றால் உடனே தலைமை சைஸிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இன்னொன்று: சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து கொஞ்ச காலத்தில் தோல் காய்ந்துபோய், ஓடிவிட்டு வந்தால் மூக்கை விரித்து மூச்சு வாங்கும். அதைக் கவனிப்பதும் சைஸ்தான். ஐஸ் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, நடக்க வைப்பது எல்லாம் அவர் கை.

ஆனால் மருந்து அப்படியில்லை. வைத்தியர் பார்ப்பார், எழுதுவார். டிரெய்னர் சரி சொல்வார். புத்தகத்தில் ஏறும். அப்புறம்தான் களிம்பு டப்பா சைஸ் கைக்கு வரும். ஒரு சைஸ் தன் இஷ்டத்துக்கு எதையும் பூசிவிட முடியாது, பூசினால் அன்றே வேலை போகும். டப்பாவின் மேல் பீட்டாமெத்தசோன் என்று அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க வேண்டியவர் மாதம் முழுக்கச் சாணி அள்ளுகிறவரா, நூறு குதிரையை நடத்துகிறவரா?

மெடினா ஸ்பிரிட்டுக்கு டெர்பிக்கு முந்திய நாள் வரை அந்தக் களிம்பு பூசியதாக அவர் அறிக்கையே சொல்கிறது. உலகத்தின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றுக்கு முந்திய நாள்.

அருண் 98

இந்த இழைக்குப் புதுசு. கிராஞ்சிக்கு ஒரே தடவைதான் போயிருக்கேன், 2024 அக்டோபர் 5, கடைசி நாள். கோல்டு கப் நூறாவது ஓட்டம். அப்பா கட்டாயம் வரணும்னு கூட்டிட்டுப் போனார். அவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கல.

ஒரு சந்தேகம். அமெரிக்காவுல மருந்து குடுத்தே ஓட்டுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

ரேகா பீஷான்

அருண், ஓரளவு நிஜம். நுரையீரலில் ரத்தக் கசிவைக் குறைக்க லாசிக்ஸ் என்ற மருந்தைப் பந்தய நாளிலேயே கொடுப்பது அங்கே பல ஆண்டுகளாக வழக்கம். ஹாங்காங்கிலும் ஆஸ்திரேலியாவிலும் பந்தய நாளில் அது கூடாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி இருந்தது. 2022இல்தான் நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்குத் தூண்டுகோல் 2019இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடாவில் ஒரே பருவத்தில் அடுத்தடுத்துக் குதிரைகள் செத்தது. 2023இல் சர்ச்சில் டவுன்ஸிலும் சில வாரத்துக்குள் 12 குதிரைகள் போய், பந்தயங்களையே வேறு திடலுக்கு மாற்றினார்கள். 

தேக்கா தமிழரசி

இவ்வளவு நேரம் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எல்லாரும் டிரெய்னரா, சைஸா, வைத்தியரா என்று பேசுகிறீர்கள். இந்த முழுத் தொழிலுக்கும் காசு போட்டது யார்? பந்தயம் கட்டியவர்கள். எங்கள் புளோக்கில் சனி, ஞாயிறு வந்தால் சம்பளம் முழுதும் பந்தயத்தில் விட்டுவிட்டு வந்து நிற்கும் ஆண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் வீட்டுப் பெண்கள் என் அம்மாவிடம் அரிசிக்குக் கடன் கேட்பார்கள். அந்தக் காசில்தான் கோப்பையும் வெள்ளைத் தொப்பியும். கிராஞ்சி மூடியதில் எனக்கு வருத்தமே இல்லை. 120 ஹெக்டேருக்கு மேல் நிலம். அதில் பிள்ளைகளுக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வரட்டும்.

ஜூரோங் செந்தில்

அக்கா, கிராஞ்சி மூடியும் பந்தயம் நிக்கலையே. வெளிநாட்டு ரேஸுக்கு இன்னைக்கும் சிங்கப்பூர் பூல்ஸ் பந்தயக் கடையில கட்டலாம். போனது குதிரையும் வேலை பார்த்தவங்களும்தான்.

தேக்கா தமிழரசி

தெரியும் தம்பி. அதுவும் மூட வேண்டும் என்பதே என் எண்ணம். வேலை பார்த்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராமையா ஐயா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வேளச்சேரி வாசன்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து கொஞ்ச வருஷம் ஆச்சு. சொந்த ஊர் சென்னை, கிண்டி ரேஸ் கோர்ஸ் பக்கத்துல. தமிழரசி அக்கா சொன்ன விஷயம் எங்க ஊர்ல கோர்ட்டு வரைக்கும் போச்சு. தமிழ்நாட்டுல ரேஸை ஒழிக்கணும்னு சட்டமே கொண்டு வந்தாங்க. கடைசியில 1996 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லைன்னு தீர்ப்பு குடுத்துச்சு. லக்ஷ்மணன் வழக்குன்னு பேரு.

அந்தத் தீர்ப்பை ரேஸ்காரங்க எல்லாரும் இன்னைக்கும் பெருமையா எடுத்துச் சொல்வாங்க. ஆனா அது டிரெய்னர் தலையில ஒரு பாரத்தையும் ஏத்துது. ஜெயிக்கிறது அதிர்ஷ்டம் இல்லை, குதிரையோட இனம், பழக்குற விதம், ஓட்டுறவன் திறமைன்னு கோர்ட்ல வாதாடி ஜெயிச்சீங்க. அப்ப பழக்குறவன் கையிலதான் முடிவு இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நல்லது நடந்தா திறமை, கெட்டது நடந்தா களிம்பு, வைக்கோல், சலோன்பாஸ்னு சொல்ல முடியாது.

கிண்டியும் 2024 செப்டம்பர்ல அரசாங்கம் குத்தகையை ரத்து பண்ணி சீல் வெச்சுருச்சு. அடுத்த மாசம் கிராஞ்சி கடைசி ரேஸ். அதே வருஷம் மார்ச்சுல மக்காவ்லயும் ரேஸ் நின்னுச்சு. ரேஸ் உலகம் சுருங்கிக்கிட்டே வருது. இந்த நேரத்துல பெரிய பேர் எடுத்தவங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் மொத்தத் தொழில் மேலயும் விழும்.

ஜூரோங் செந்தில்

வாசன் சொன்ன பாயின்ட் சரியான பாயின்ட். எனக்குப் பதில் இல்லை.

ஆனா ஒரு விஷயம். 2024 ஜூலையில பாஃபர்ட் வெளிப்படையா அறிக்கை விட்டார், மெடினா ஸ்பிரிட் பாசிட்டிவுக்கு நான் பொறுப்பேத்துக்கறேன்னு. அதுக்கப்புறம்தான் சர்ச்சில் டவுன்ஸ் தடையை எடுத்துச்சு. 2025 டெர்பிக்குத் திரும்பி வந்தார். மூணு வருஷம் பெரிய ரேஸை இழந்திருக்கார். இன்னும் என்ன வேணும்?

செம்பவாங் ராமையா

அந்த அறிக்கையைப் படித்தேன். வரவேற்கிறேன். ஆனால் குதிரை 2021 டிசம்பர் 6ஆம் தேதியே செத்துவிட்டது. சாண்டா அனிடாவில் காலைப் பயிற்சி முடித்து விழுந்தது. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் திட்டவட்டமாகக் கிடைக்கவில்லை. அதை யார் மேலும் போட நான் தயாரில்லை. நான் கேட்பது வேறு. முதல் நாள் லாயத்து வாசலில் மைக் முன்னால் நின்றபோதே "என் லாயம், என் பொறுப்பு, என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி போதுமே. மூன்று வருஷ வழக்கே வந்திருக்காது.

கிராஞ்சியில் எனக்கு மேலே இருந்த ஒரு டிரெய்னர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் குதிரைக்கு ஒரு தடவை பாசிட்டிவ் வந்தது. விசாரணைக்குக் கூப்பிடும் முன்பே, குதிரையைப் பார்த்த சைஸின் ஒர்க் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார். அவன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். என்ன கொடுத்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. ஊரில் போய் என்ன சொல்வது என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பாஃபர்ட் பேட்டியில் அந்த இருமல் மருந்துக் கதை வந்தபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

இதே கிராஞ்சியில் வேறு மாதிரி ஆட்களும் இருந்தார்கள். லாரி லாக்சன் 1988இல் எம்பயர் ரோஸைக் கொண்டு மெல்பர்ன் கப் ஜெயித்துவிட்டு இங்கே வந்தவர், பலமுறை சாம்பியன் டிரெய்னர். பேட்ரிக் ஷா பழக்கிய ராக்கெட் மேன் 2011இல் துபாய் கோல்டன் ஷஹீன் பந்தயத்தை ஜெயித்தபோது, அந்தக் குதிரையைக் கையில் பிடித்து நடத்தியவர்களை நினைத்து நம்ம லாயங்களில் எத்தனை பேருக்குப் பெருமை. உலகத்தில் எந்தத் திடலுக்கும் நாம் சளைத்தவர்கள் இல்லை என்று அன்று காட்டினோம்.

ஈசூன் மணிமேகலை

அண்ணா, அந்தத் தஞ்சாவூர்த் தம்பி பிறகு என்ன ஆனார்?

செம்பவாங் ராமையா

மலேசியாவில் ஒரு லாயத்தில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு தகவல் இல்லைம்மா.

மட்டுறுத்துநர்

நண்பர்களே, பெயர் சொல்லாத அந்த டிரெய்னர் யார் என்று ஊகித்து இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நீக்கியிருக்கிறேன். உறுதியில்லாமல் யார் பெயரையும் இழுக்க வேண்டாம்.

வேளச்சேரி வாசன்

இன்னொரு மூத்தவரையும் சேர்த்துப் பேசணும். அமெரிக்க டிரெய்னர் டி. வெய்ன் லூக்கஸ், 2025 ஜூன்ல 89 வயசுல காலமானார். அதுக்கு முந்தின வருஷம்தான் 88 வயசுல சீஸ் த கிரேங்கற குதிரையை வெச்சு, டிரிப்பிள் கிரவுன்ல ஒண்ணான ப்ரீக்னஸ் பந்தயத்தை ஜெயிச்சார். அந்த வயசுலயும் காலையில குதிரை மேல உக்காந்து டிராக்குக்குப் போவார். அவர் மேலயும் விமர்சனம் இருந்துச்சு, குதிரைகளை ரொம்பச் சீக்கிரமா, ரொம்ப அடிக்கடி ஓட விடுறார்னு. ஆனா அவர்கிட்ட உதவியாளரா இருந்தவங்க எத்தனை பேர் பெரிய டிரெய்னர் ஆனாங்கன்னு பாருங்க. டாட் பிளெட்சர் ஒருத்தர் போதும். கீழ இருக்கிறவனை மேல தூக்கி விட்டா அவன் பேரும் சேர்ந்து நிக்கும்.

ஜூரோங் செந்தில்

லூக்கஸை ஒத்துக்கறேன். பாஃபர்ட் குதிரை மேல நான் இனியும் கட்டுவேன், அதை மறைக்க விரும்பல. ஆனா ராமையா அண்ணன் கேட்ட அந்த ஒரு வரி, முதல் நாள்லயே சொல்லியிருக்கணும். அதுல எனக்கு இப்ப மாற்றுக் கருத்து இல்லை.

அருண் 98

கடைசியா ஒரு கேள்வி ராமையா ஐயா. இந்த ரத்தம், சிறுநீர் எல்லாம் எப்படி எடுப்பாங்க? டிரெய்னர் அங்க இருப்பாரா? யாராவது மாத்திட முடியாதா?

செம்பவாங் ராமையா

மாற்ற முடியாது தம்பி. பந்தயம் முடிந்து குதிரையைக் கழுவி, மூச்சு தணியும் வரை நடக்க வைத்து, அதற்கென்று இருக்கும் தனிக் கொட்டிலுக்குக் கொண்டு போவோம். உள்ளே வைக்கோல் பரப்பியிருக்கும். ரத்தத்தை வைத்தியர் எடுப்பார். சிறுநீருக்கு அது தானாகப் போகும் வரை காத்திருக்க வேண்டும். நீளக் கம்பு நுனியில் கிண்ணம் கட்டி ஒருவர் தயாராக நிற்பார், நாங்கள் மெதுவாக விசில் அடிப்போம். பழகிய குதிரை விசில் கேட்டதும் காலை அகட்டும். சில குதிரைகள் ஒரு மணி நேரம்கூட நிற்க வைக்கும். வந்ததை இரண்டு பாட்டிலாகப் பிரித்து, கண் முன்னாலேயே சீல் வைத்து, எண் ஒட்டுவார்கள். ஒன்று முதல் சோதனைக்கு, இன்னொன்று மறுபரிசோதனைக்கு.

டிரெய்னர் வரலாம், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அடுத்த பந்தயக் குதிரை இருக்கும், முதலாளிகள் இருப்பார்கள். அவர் சார்பில் நின்று, சீலைப் பார்த்து, சாட்சிக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அந்தக் குதிரையின் சைஸ்தான்.